கால்மேட்டைத் தூக்கிப் பார், தம்பி!

வால்பாறைப் பக்கத்து எஸ்டேட்டில் ஓடிய பழைய மகிந்திரா பிக்கப் விலைக்கு வருகிறது, ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கப் போகிறேன் என்றாய். ஃபோர் வீல் டிரைவ், டீசல் எஞ்சின், பெயின்ட் புதுசு மாதிரி மினுங்குகிறது என்றும் சொன்னாய். பெயின்டை விடு. போனதும் டிரைவர் காலடியில் கிடக்கும் ரப்பர் மேட்டைத் தூக்கு. அந்த வண்டி எப்படி வாழ்ந்தது என்பதை அதற்கு அடியில் இருக்கும் தகடுதான் சொல்லும்.

கையில் ஒரு டார்ச், பழைய ஸ்க்ரூடிரைவர், சின்னக் காந்தம், தரையில் விரித்துப் படுக்க ஒரு சாக்கு எடுத்துக்கொள். மேட்டுக்கு அடியில் சணல் விரிப்போ ஸ்பாஞ்சோ இருந்தால் அதையும் கிளப்பு. ஈரமாக இருந்தாலோ, உலர்ந்து பொடியாக உதிர்ந்தாலோ, அங்கே தண்ணீர் பல மழைக்காலம் தங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள். ஸ்க்ரூடிரைவரின் பிடியால் தகட்டைத் தட்டிக்கொண்டே போ. நல்ல தகடு கணீரென்று கேட்கும். துரு தின்ற இடம் அட்டையைத் தட்டியதுபோல் மந்தமாகக் கேட்கும். மந்தமான இடத்தில் நுனியை வைத்து அழுத்திப் பார். விற்பவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும், காசு கொடுக்கப் போவது நீ. காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி ஓட்டினால், அது பிடிக்காமல் நழுவும் இடத்தில் பட்டியோ ஃபைபரோ பூசி மறைத்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.

பிறகு சாக்கை விரித்து அடியில் படு. அடிப்பக்கம் முழுக்கப் புதுக் கறுப்பு அடித்து, மண் தூசிகூட ஒட்டாமல் இருக்கிறதா? மகிழ்ச்சிப்படாதே. ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு ஏறி, எஸ்டேட் மண்பாதையில் உழைத்த வண்டிக்கு அடிவயிறு அவ்வளவு சுத்தமாக இருக்க வழியில்லை. விற்பதற்காக அடித்த கறுப்பு அது. துருவுக்கு மேல் அடித்த தார்ப் பூச்சு துருவை நிறுத்தாது. உள்ளே ஈரத்தைப் பிடித்து வைத்து அதைத் தொடர்ந்து வேலை செய்ய விடும். தட்டிப் பார்த்து, சுரண்டிப் பார்த்து, சந்தேகம் தீர்ந்த பிறகுதான் விலையைப் பேசு.

தரை ஓட்டையும் சேஸிஸ் ஓட்டையும் ஒன்றல்ல

இந்த மாதிரி வண்டிகளில் கீழே ஏணி வடிவில் ஒரு கனமான சேஸிஸ், அதற்கு மேல் ரப்பர் புஷ் வைத்து உட்காரவைத்த பாடி. கேபின் தரை பாடியைச் சேர்ந்தது. அது ஓட்டை விழுந்தால் வெட்டிப் புதுத்தகடு வைத்துச் சரிசெய்யலாம். ஆனால் எஞ்சினையும் ஆக்சிலையும் பாரத்தையும் தாங்குவது சேஸிஸ். அதில் துரு ஆழமாகப் போயிருந்தால் விலை எவ்வளவு குறைத்தாலும் கும்பிட்டுவிட்டு வந்துவிடு.

சேஸிஸில் முதலில் பார்க்க வேண்டியது லீஃப் பட்டா மாட்டும் ஷேக்கிள் பிராக்கெட்டுகள், ஸ்டீயரிங் பாக்ஸ் போல்ட் ஆகும் இடம், குறுக்குச் சட்டங்கள் சேரும் மூலைகள், பின் ஆக்சிலுக்கு மேலே வளைந்து போகும் பகுதி. இரண்டு தகடு ஒன்றன்மேல் ஒன்றாக ரிவிட் ஆகியிருக்கும் இடங்களில் விரலை வைத்துத் தடவு. துரு இரும்பைவிட அதிக இடத்தை அடைக்கும் பொருள். அதனால் இரண்டு தகடுகளுக்கு நடுவில் அது வளர்ந்தால் ஆப்பு அடித்தாற்போல் அவற்றைப் பிரித்து, நடுவில் வீங்கச் செய்துவிடும். வீக்கம் தெரிந்தால் உள்ளே பாதித் தகடு போய்விட்டது என்று அர்த்தம்.

பெரிய கம்பெனி வண்டிக்கு இதெல்லாம் வராது என்று நினைக்காதே. பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் அமெரிக்காவில் டொயோட்டாவின் டகோமா, டண்ட்ரா, செக்வோயா வண்டிகளின் சேஸிஸ் துருப்பிடித்து வழக்கு ஏற்பட்டு, 2016-ல் அந்த நிறுவனம் சேஸிஸைச் சோதித்துத் தேவைப்பட்டால் மாற்றித் தரும் சமரசத்துக்கு ஒப்புக்கொண்டது. அதன் மதிப்பு 340 கோடி டாலர் வரை போகலாம் என்று அப்போது கணக்கிடப்பட்டது. உப்பும் ஈரமும் சேர்ந்தால் எந்த இரும்பும் தாங்காது.

உப்பு என்றதும் கடலோரத்தை மட்டும் நினைத்துக்கொள்ளாதே. எஸ்டேட் பிக்கப் எதைச் சுமந்தது என்று கேள். உர மூட்டை சுமந்திருந்தால் எச்சரிக்கையாக இரு. பொட்டாஷ் என்று நாம் சொல்வது பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு. அதுவும் உப்புதான். மூட்டையிலிருந்து சிந்திய பொடி, பின்தொட்டியின் மடிப்பிலும் கேபின் பின்சுவருக்குக் கீழேயும் புகுந்து, ஒவ்வொரு மழைக்கும் கரைந்து உலர்ந்து கரைந்து தகட்டைத் தின்றிருக்கும். தமிழ்நாட்டிலேயே அதிகம் மழை பெறும் இடங்களில் ஒன்றான சின்னக்கல்லாறு அந்த மலையில்தான் இருக்கிறது. தூத்துக்குடிப் பக்கம் ஐஸ் பெட்டியில் மீன் ஏற்றிய பிக்கப்பை நீ வாங்கமாட்டாய். உரம் ஏற்றியதையும் அதே கண்ணோடு பார்.

தண்ணீர் எந்த வழியில் வந்தது?

தம்பி, இந்தக் கடிதத்தில் நீ ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதாக இருந்தால் இதை வை. தண்ணீர் எங்கிருந்து வந்தது, எங்கே தங்கியது என்று கண்டுபிடிக்காமல் ஒரு அங்குலம்கூட ஒட்டுப் போடாதே. பல பட்டறைகளில் ஓட்டையைப் பார்த்ததும் தகடு வெட்ட ஆரம்பித்துவிடுவார்கள். நல்ல வேலைதான் செய்வார்கள். ஆனால் முன்கண்ணாடி ரப்பர் கசிந்துகொண்டே இருக்கும். அடுத்த ஐப்பசி மழையில் புதுத்தகட்டின் வெல்டிங் ஓரத்தில் மறுபடியும் செம்பழுப்பு தலைகாட்டும்.

கண்டுபிடிக்கும் முறை சுலபம், பொறுமை மட்டும் வேண்டும். மேட், விரிப்பு எல்லாம் எடுத்து, தரையை நன்றாகக் காயவிடு. முகத்துக்குப் பூசும் பவுடரை டாஷ்போர்டுக்குக் கீழும் காலடிச் சுவரிலும் தரையிலும் மெல்லியதாகத் தூவு. நீ டார்ச்சோடு உள்ளே உட்கார். வெளியே ஒருவர் ஹோஸ் பைப்பில் தண்ணீரை மெதுவாக, கீழிருந்து மேலாக விடட்டும். முதலில் கதவின் அடி, பிறகு கதவு ரப்பர், பிறகு முன்கண்ணாடி, கடைசியில் கூரை. மேலிருந்து விட்டால் எல்லா வழியிலும் ஒரே நேரத்தில் வழிந்து உன்னைக் குழப்பிவிடும். பவுடரில் கோடு விழும் இடத்தைச் சாக்பீஸால் குறித்துக்கொள். முன்கண்ணாடிக்கு முன்னால் காற்று வரும் திறப்பில் இலை, சருகு அடைத்து, வடிகால் மூடியிருந்தால் அந்தத் தண்ணீர் முழுக்கக் காலடியில்தான் இறங்கும். எஸ்டேட் வண்டிகளில் சில்வர் ஓக் மரத்தின் இலையே அங்கே உரமாக மக்கியிருக்கும்.

மழைத்தண்ணீர் மட்டும்தான் காரணம் என்றும் இல்லை. கிளட்ச், பிரேக் பெடலைச் சுற்றி மட்டும் பெயின்ட் உரிந்து துரு பிடித்திருந்தால் மாஸ்டர் சிலிண்டரைப் பார். பிரேக் ஆயில் பெயின்டைக் கரைக்கும். பேட்டரி வைத்திருக்கும் இடத்துக்குக் கீழே துரு என்றால் ஆசிட் வழிந்திருக்கிறது. சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றி, நுரை அடங்கும் வரை கழுவி, பிறகு நல்ல தண்ணீர் விட்டு அலசு.

தரையில் சின்ன ரப்பர் மூடிகள் இருக்கும். தண்ணீர் வெளியேற வைத்தவை அவை. புதுத்தகடு வைக்கும்போது டிங்கர் அவற்றைச் சேர்த்து மூடிவிடுவது வழக்கம். விடாதே. உள்ளே வரும் வழியை அடைப்பதோடு, வெளியே போகும் வழியையும் காப்பாற்ற வேண்டும்.

எதை முதலில் செய்வது

வண்டி வீட்டுக்கு வந்ததும் தரையில் காசைப் போடாதே. முதலில் அது ஓடுமா, நிற்குமா என்று பார். ரொம்ப நாள் நின்ற வண்டி என்றால் சாவி போடும் முன், கிராங்க் புல்லியை ஸ்பேனரால் கையாலேயே சுற்றி எஞ்சின் இறுகியிருக்கிறதா என்று பார்த்துக்கொள். டேங்க்கின் அடியில் தண்ணீரும் சகதியும் தேங்கியிருக்கும். பழைய டீசலை முழுக்க வடித்து, ஃபில்டரை மாற்றி, ஏர் எடுத்த பிறகு ஸ்டார்ட் செய். பழைய மகிந்திராக்கள் பலவற்றில் இருந்த 2112 சி.சி. புஜோ வடிவமைப்பு டீசல் எஞ்சின் குளிரில் ஹீட்டர் பிளக் இல்லாமல் எழுந்திருக்காது. அது எழாவிட்டால் பம்பைக் கழற்ற ஓடாமல், ஒவ்வொரு பிளக்குக்கும் கரன்ட் வருகிறதா என்று முதலில் சோதி.

பிரேக்கில் கஞ்சத்தனம் கூடாது. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். பல வருடம் மாற்றாத ஆயில் பைப்பையும் வீல் சிலிண்டரையும் உள்ளேயிருந்தே துருப்பிடிக்கவைத்திருக்கும். இரும்புப் பிரேக் பைப்பில் பொரி பொரியாகத் தெரிந்தால் துடைத்துப் பெயின்ட் அடிப்பது வீண், மாற்றிவிடு. டயரில் பட்டன் ஆழமாக இருந்தாலும் பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்கத்தைப் படி. 3214 என்றால் 2014-ஆம் ஆண்டின் 32-ஆவது வாரத்தில் செய்த டயர். அதை நம்பி வால்பாறை இறங்கக் கூடாது.

இவையெல்லாம் தேறிய பிறகு தரை. பெயின்ட் கடைசி. தரை வேலையை மாசியிலிருந்து சித்திரைக்குள் முடித்துக்கொள். சுரண்டிய தகடு ஈரக்காற்றில் ஒரே இரவில் செம்மை தட்டிவிடும். மழைக்காலத்தில் ஆரம்பித்தால் சுரண்டியதையே திரும்பத் திரும்பச் சுரண்டுவாய்.

தகடு வெட்டும் முன்

சீட், மேட், ஒயரிங், கியர் லீவர் கவர் எல்லாம் கழற்று. ஒவ்வொன்றையும் கழற்றும் முன் ஃபோனில் படம் எடு. போல்ட்டுகளைத் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிப் பெயர் எழுது. துருப்பிடித்த நட்டை முறுக்கி உடைக்காதே. துருத் தளர்த்தும் எண்ணெயை முதல் நாள் மாலை விட்டு, மறுநாள் ஸ்பேனர் போடு. அடிப்பக்கத்தை வாட்டர் சர்வீஸில் நன்றாக அடித்து, குறுக்குச் சட்டங்களுக்குள் இறுகியிருக்கும் சேற்றைக் கம்பியால் குத்தி வெளியே எடுத்து, வெயிலில் காயவை.

இப்போது நெருப்பைப் பற்றி. இதில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். சில பழைய ஜீப் வகைகளில் டீசல் டேங்க் டிரைவர் சீட்டுக்கு அடியிலேயே இருக்கும். நீ வெல்டிங் வைக்கப் போகும் தரையும் அதுவும் பக்கத்துப் பக்கத்து வீடு. டேங்க்கைக் கழற்றி, பட்டறைக்கு வெளியே தூரத்தில் வை. காலி டேங்க்தானே என்று அதிலேயே வெல்டிங் வைக்க யாராவது சொன்னால் வேறு ஆளைப் பார். மிச்சமிருக்கும் ஆவி வெடிக்கும். பேட்டரி ஒயர், ஆல்டர்னேட்டர் ஒயர் இரண்டையும் கழற்றிவிடு. சேஸிஸை ஒட்டி ஓடும் டீசல் பைப்பையும் பிரேக் பைப்பையும் ஒதுக்கி மறை. தீயணைக்கும் சிலிண்டரும் ஒரு வாளித் தண்ணீரும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். வெல்டிங் முடிந்ததும் கதவைப் பூட்டிச் சாப்பிடப் போகாதே. பழைய தார்ப்பூச்சும் சணலும் புகைந்துகொண்டே இருந்து ஒரு மணி நேரம் கழித்துப் பற்றும். இருந்து பார்.

கிரைண்டர் பிடிக்கும்போது கார்டைக் கழற்றாதே, கண்ணாடி போடு, கை நீளச் சட்டை தொளதொளவென்று தொங்கக் கூடாது. கூட நிற்கப் போகும் உன் மனைவியிடம் துப்பட்டாவைக் கழற்றி வைக்கச் சொல், முடியை இறுக்கிக் கட்டச் சொல். கட்டிங் வீல் துணியைப் பிடித்தால் ஆளை இழுக்கும்.

வெட்டுவதும் ஒட்டுவதும்

எவ்வளவு வெட்டுவது என்பதில்தான் எல்லோரும் தயங்குகிறார்கள். ஓட்டை ரூபாய் அளவு இருந்தால், அதைச் சுற்றி மெலிந்துபோன தகடு தட்டு அளவு இருக்கும். வயர் பிரஷ் வீலால் சுரண்டிக்கொண்டே போய், பளிச்சென்று வெள்ளி நிறத்தில் முழுக் கனத்தோடு தகடு தெரியும் இடம்வரை போ. அங்கேதான் கோடு போட வேண்டும். மெலிந்த ஓரத்தில் வெல்டிங் வைத்தால் சூடு பட்டதும் அது உருகி ஓட்டை பெரிதாகும், நீ அதைத் துரத்திக்கொண்டே போவாய். மூலைகளைச் சதுரமாக வெட்டாமல் வளைவாக வெட்டு. கூர்மூலையிலிருந்துதான் விரிசல் ஓடும்.

இரண்டு பக்கத் தரையையும் ஒரே நேரத்தில் வெட்டிவிடாதே. பாடி தொங்கும், கதவு மூடாது. ஒரு பக்கம் முடித்து அடுத்தது. கதவுச் சட்டத்தை ஒட்டி வெட்ட வேண்டியிருந்தால், கதவு திறப்புக்குக் குறுக்கே ஒரு ஆங்கிளைத் தற்காலிகமாக வைத்து இறுக்கிவிட்டு, மூலைக்கு மூலை அளந்து குறித்துக்கொண்டு வெட்டு. வேலை முடிந்து அதே அளவு வந்தால் கதவு பழையபடி மூடும்.

புதுத்தகட்டுக்கு முதலில் பழைய காலண்டர் அட்டையில் மாதிரி வெட்டு. அட்டை சரியாக உட்கார்ந்த பிறகுதான் தகடு. கடையில் சி.ஆர். தகடு என்று கேள். கனத்தை ஊகிக்காமல், உன் வண்டியின் நல்ல இடத்தில் அளந்து அதே கனம் வாங்கு. பெரும்பாலும் 18 கேஜ், அதாவது சுமார் 1.2 மில்லிமீட்டர் ஒத்துவரும். கனமாகப் போட்டால் காலத்துக்கும் நிற்கும் என்று 3 மில்லிமீட்டர் தகட்டைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். கனத் தகட்டை உருக்கத் தேவையான சூடு, பழைய மெல்லிய தகட்டின் ஓரத்தைப் பொசுக்கிவிடும். ஜி.ஐ. தகடு துருப்பிடிக்காதே என்று கேட்பாய். அதன்மேல் இருக்கும் துத்தநாகப் பூச்சு வெல்டிங் சூட்டில் வெண்புகையாகக் கிளம்பும். அதைச் சுவாசித்தால் அன்று இரவே குளிர்க்காய்ச்சல் வரும். பால் குடித்தால் ஒன்றும் செய்யாது என்று பட்டறையில் சொல்வதை நம்பாதே. ஜி.ஐ. போட்டே ஆக வேண்டுமென்றால் வெல்டிங் ஓரங்களில் பூச்சை முழுக்கத் தேய்த்தெடு, வெட்டவெளியில் வேலை செய், புகைக்கான மாஸ்க் போடு.

பழைய தரையில் வரிவரியாக மேடு பள்ளம் இருப்பது அழகுக்கு இல்லை. அந்த வரிகள்தான் மெல்லிய தகட்டுக்கு விறைப்பைத் தருகின்றன. தட்டைத் தகட்டை அப்படியே ஒட்டினால் வண்டி ஓடும்போது மத்தளம் கொட்டும், நாளடைவில் வெல்டிங் ஓரம் வெடிக்கும். டிங்கரிடம் பீடிங் போட்டுக் கொடுக்கச் சொல்.

ஒட்டும் முறையில் சி.ஓ.டூ வெல்டிங்தான் வேண்டும், 0.8 மில்லிமீட்டர் ஒயர் போதும். கேஸ் வெல்டிங் வைத்தால் சூடு பரவித் தகடு நெளியும். சாதாரண ஆர்க் வெல்டிங் மெல்லிய தகட்டில் கை தேர்ந்தவருக்கே ஓட்டை போடும். காற்றடிக்கும் இடத்தில் சி.ஓ.டூ வைத்தால் கேஸ் பறந்து, வெல்டிங் தேன்கூடாகிவிடும். அதனால் தார்ப்பாய் கட்டிக் காற்றை மறை. எர்த் கிளாம்ப்பை வேலை நடக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே சுத்தமான இரும்பில் மாட்டு. தூரத்தில் மாட்டினால் கரன்ட் பேரிங் வழியாகச் சுற்றிப் போய் அதைக் கெடுக்கும்.

ஒரே இழுப்பாக வெல்டிங் ஓட்ட விடாதே. இங்கே ஒரு பொட்டு, எதிர்ப்பக்கம் ஒரு பொட்டு, குறுக்கே ஒரு பொட்டு என்று மாற்றி மாற்றி வைத்து, ஆறவிட்டு, பிறகு இடைவெளியை நிரப்ப வேண்டும். குறுக்குச் சட்டத்தோடு தரை சேரும் இடங்களில் கம்பெனி ஸ்பாட் வெல்டிங் வைத்திருக்கும். பழைய ஸ்பாட்டை 8 மில்லிமீட்டர் டிரில் பிட்டால் மேல்தகடு மட்டும் விடுபடும்படி துளைத்து எடு. புதுத்தகட்டில் அதே இடத்தில் துளை போட்டு, துளை வழியாக வெல்டிங் நிரப்பச் சொல். சீட் போல்ட்டும் சீட் பெல்ட்டும் மாட்டும் இடம் உன் தரையில் இருந்தால் அங்கே மட்டும் கனமான பட்டைத் தகடு அடியில் கொடுத்தே ஆக வேண்டும். வண்டி மோதும்போது உன் முழு உடம்பும் தொங்கப்போவது அந்த ஒரு போல்ட்டில்.

துரு மாற்றும் திரவங்களைப் பற்றிக் கேட்டிருந்தாய். கடையில் இரண்டு வகை கிடைக்கும். பாஸ்பாரிக் அமிலம் துருவைக் கரைத்துப் பாஸ்பேட் படலமாக்கும். டானிக் அமிலம் துருவோடு சேர்ந்து கறுப்பாகும். நம் ஊரில் கடுக்காயையும் இரும்பையும் சேர்த்துக் கலம்காரித் துணிக்குக் கறுப்பு ஏற்றுவதும் இதே வேதியியல்தான். மேலோட்டமான துருவுக்கு இவை நல்லவை. ஆனால் போன தகட்டைத் திரும்பக் கொண்டுவராது. அடுக்கடுக்காக உரியும் துருவின்மேல் ஊற்றுவது வீண். கழிவறை ஆசிட்டை மட்டும் தொடவே தொடாதே. துரு உடனே பளபளவென்று போகும், உண்மைதான். ஆனால் அது ஹைட்ரோகுளோரிக் அமிலம், மடிப்புக்குள் குளோரைடு தங்கி, கொஞ்ச நாளில் முன்பைவிட வேகமாகத் தின்னும். பொட்டாஷ் செய்த அதே வேலையை நீயே காசு கொடுத்துச் செய்தாற்போல் ஆகும்.

பூச்சு

டிங்கரிடம் முதலிலேயே சொல்லிவிடு: பிரைமர் அடிக்கும் முன் நான் வந்து பார்ப்பேன். இந்த ஒரு வார்த்தைக்கு வேலையின் தரம் மாறும். பட்டி பூசிய பிறகு வெல்டிங்கை யாரும் பார்க்க முடியாது. மொத்தக் கான்ட்ராக்டாகப் பேசினாலும், தகடு வேலை முடிந்ததும் ஒரு பங்கு, பிரைமர் முடிந்ததும் ஒரு பங்கு என்று பணத்தைப் பிரித்துக் கொடு. தரையில் பட்டியே தேவையில்லை. அங்கே பட்டி பூசினால் அது எதையோ மறைக்கத்தான்.

வெல்டிங்கைத் தேய்த்து, தின்னரால் துடைத்து, அன்றைக்கே எப்பாக்ஸி பிரைமர் அடித்துவிட வேண்டும். இரண்டு டின்னாக வரும் வகை. எந்த அளவில் கலப்பது, துரு மாற்றும் திரவம் போட்டிருந்தால் எப்படிக் கழுவுவது என்று டின்னிலேயே எழுதியிருக்கும், படி. அமிலம் மிச்சமிருந்தால் எப்பாக்ஸி ஒழுங்காக இறுகாது. ரெட் ஆக்சைடு மட்டும் அடித்துவிட்டு வேலை முடிந்தது என்பார்கள். அது தனியாக நின்று ஈரத்தைத் தடுக்காது, மேலே பெயின்ட் இல்லாமல் விட்டால் ஒரு மழைக்குள் துரு வெளியே வரும். பிரைமர் காய்ந்த பிறகு எல்லா இணைப்பிலும் பாலியூரித்தேன் சீலர், மேலும் கீழும். அதன்மேல் பெயின்ட். அடிப்பக்கத்துக்கு அண்டர்கோட்டிங் அதற்கும் பிறகு. இந்த வரிசை மாறக் கூடாது.

குறுக்குச் சட்டங்களுக்கு உள்ளே பிரஷ் போகாது. அங்கே குழாய் வைத்து மெழுகு வகைத் துருத்தடுப்பை அடிக்க வேண்டும். கழிவு எஞ்சின் ஆயிலை அடிக்கும் பழக்கம் நம் ஊரில் உண்டு. அது பாடி ரப்பர் புஷ்களையும் பட்டா புஷ்களையும் ஊறவைத்துக் கெடுக்கும், தூசியைக் கூழாகப் பிடிக்கும், நிறுத்துமிடத்து மண்ணில் சொட்டி நம் கிணற்றுக்குத்தான் போகும். அப்பா காலத்தில் வேறு பொருள் இல்லை, அதனால் அடித்தார்கள். இப்போது இருக்கிறது.

பின்தொட்டியில் செக்கர் பிளேட் போட்டுத் தரலாம் என்பார்கள். பழைய தகட்டை அப்படியே விட்டு மேலே செக்கர் பிளேட்டை ஒட்டினால், இரண்டுக்கும் நடுவில் தண்ணீர் போய் வெளியே வராது. பழையதை எடுத்துவிட்டுப் போடு, இல்லையென்றால் கழற்றிக் கழுவக்கூடிய ரப்பர் விரிப்பு போதும்.

ஆர்.சி., எஃப்.சி.

பாடி வேலையில் சேஸிஸ் நம்பர் பொறித்த இடத்தில் கிரைண்டர் படவே கூடாது. பெயின்டரிடம் அந்த இடத்தைக் காட்டி, டேப் ஒட்டி வை. நிறத்தை மாற்றினால் ஆர்.சி.யில் பதிய வேண்டும். எஞ்சினை மாற்றினாலும் ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும். எஸ்டேட் பெயரில் இருக்கும் வண்டியை உன் பெயருக்கு மாற்ற ஃபாரம் 29, 30 இரண்டும் கையெழுத்தாகி வந்த பிறகு முழுப்பணம் கொடு. சரக்கு வண்டியாகப் பதிவாகியிருந்தால் 8 வருடம் தாண்டியதற்கு ஆண்டுதோறும் எஃப்.சி. காட்ட வேண்டும். சொந்த உபயோக வண்டி என்றால் 15 வருடத்துக்குப் பிறகு 5 வருடத்துக்கு ஒருமுறை ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். இலாகா ஏலத்தில் ஜீப் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது ஆசை காட்டினால், வயதைக் கேள். 15 வருடம் தாண்டிய அரசு வாகனங்களின் பதிவை 2023 ஏப்ரல் 1 முதல் புதுப்பிப்பதில்லை. அது உடைக்கப் போக வேண்டிய வண்டி.

வண்டி ஓட ஆரம்பித்த பிறகு

ஃபோர் வீலைத் தார் ரோட்டில் போட்டு ஓட்டாதே. இந்த வகை வண்டிகளில் முன், பின் ஆக்சிலுக்கு நடுவில் டிஃபரன்ஷியல் கிடையாது. வளைவில் முன்சக்கரமும் பின்சக்கரமும் வெவ்வேறு தூரம் ஓட வேண்டியிருக்கும். சேற்றிலும் மண்ணிலும் டயர் சறுக்கிச் சமாளித்துக்கொள்ளும், தாரில் முடியாமல் கிராஸும் டிரான்ஸ்ஃபர் கேஸும் முறுக்கேறும். அதே நேரம், தேவையில்லை என்று மாதக்கணக்கில் போடாமலும் இருக்காதே. மண்பாதை கிடைக்கும்போது கொஞ்ச தூரம் போட்டு ஓட்டினால் உள்ளே ஆயில் பரவும், லீவர் இறுகாது. கிரீஸ் நிப்பிள்களில் பழைய கிரீஸ் வெளியே வரும் வரை அடி. சேற்றில் இறக்கியிருந்தால் அன்றைக்கே அடிப்பக்கத்தைக் கழுவு. குறிப்பாகக் குறுக்குச் சட்டத்தின் மேல்பக்கம், அங்கேதான் சேறு உட்காரும்.

தரையில் ஒட்டிய கார்ப்பெட், ஸ்பாஞ்ச் எதுவும் போட வேண்டாம். சத்தம் கொஞ்சம் வரத்தான் செய்யும், வரட்டும். தனித்தனியாகத் தூக்கக்கூடிய ரப்பர் மேட் போடு. முதல் பெரிய மழைக்கு மறுநாள் காலையில் மேட்டைத் தூக்கி, உள்ளங்கையை நான்கு மூலையிலும் வைத்துப் பார். ஈரம் இருந்தால் மறுபடியும் பவுடர் தூவி ஹோஸ் பிடி, காயும் என்று விடாதே. வடிகால் மூடிகளை மழைக்காலத்துக்கு முன் கழற்றிக் குத்திவிடு. உர மூட்டை ஏற்றினால் கீழே தார்ப்பாய் விரித்து ஏற்று, இறக்கியதும் தொட்டியின் மடிப்புகளில் தண்ணீர் விட்டு அலசு, அன்று மழை பெய்தாலும் அலசு. வெல்டிங் ஓரங்களைக் கார்த்திகை கழிந்ததும் ஒருமுறை டார்ச் அடித்துப் பார். எங்காவது பெயின்ட் கொப்புளம் கட்டியிருந்தால் குத்திச் சுரண்டி, காயவைத்து, பிரைமர் தொட்டு வை. ஞாயிறு போகும்போது டார்ச்சில் புது பேட்டரி போட்டுக்கொண்டு போ. அடியில் படுத்து எடுத்த படங்களை அன்றே எனக்கு அனுப்பு, ஷேக்கிள் பிராக்கெட்டை நான்கு பக்கமும் எடு.